பந்து இல்லாத பக்கம்

தன் கண் எங்கே போகிறது என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கண்ணை வைத்து நேர்மையாகப் பிழைப்பது என்ன பாடு என்று ஜெசிந்தாவைக் கேட்டால் சொல்வாள். கேட்கத்தான் ஆள் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூத்துக்குடி உள்விளையாட்டரங்கத்தின் வாசலில் அவள் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் அவளை வரவேற்றது வேறு மாதிரி.

"ஏல, பச்சப் புள்ளி வந்துட்டுல!"

"டீச்சர், இன்னைக்காவது பந்து என்ன கலர்னு பார்த்துட்டுப் போங்க!"

"கண்ணாடி போட்டும் தெரியலன்னா ஆபரேஷன்தாம் பண்ணணும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜெசிந்தா தலைக்கவசத்தைக் கழற்றினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். நாற்பத்திரண்டு வயது. வாரத்தில் ஆறு நாள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஏழாவது நாள் கூடைப்பந்து நடுவர். விசில் ஊத ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. ஏச்சு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் ஊதின விசிலுக்குத் திட்டினார்கள். இப்போது பார்க்கிற பார்வைக்குத் திட்டுகிறார்கள்.

எல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த கண்புள்ளியால். ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை, நாற்காலி உடைப்பு, "அம்பயர் எங்கலே பார்த்துக்கிட்டு இருந்தான்?" என்று கூச்சல். அந்தக் கேள்விக்கு விடையைப் பொதுவில் வைத்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று லீக் நிர்வாகம் நம்பியது. நடுவர்களுக்கு மெல்லிய கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். விழி திரும்புகிற பக்கத்தை அது கண்டுபிடிக்கும். மேலே தொங்கும் பெரிய திரையில் ஆடுகளத்தின் படம்; அதில் மூன்று நடுவர்களின் பார்வையும் மூன்று புள்ளிகளாக ஓடும். சிவப்பு, நீலம், பச்சை. புள்ளி பந்துக்கு இரண்டு மீட்டருக்குள் இருந்தால் மார்க்கு ஏறும், விலகினால் இறங்கும். ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பத்து நிமிடமாக நாலு கால்; ஒவ்வொரு காலின் முடிவிலும் மார்க்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் அந்த நடுவர் அங்கேயே வெளியேற வேண்டும். உரிமமும் அதோடு ரத்து.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பந்தைப் பார்க்காதவர் என்ன நடுவர் என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

உடை மாற்றும் அறையில் கொம்பையாவும் இசக்கிராஜும் ஏற்கெனவே இருந்தார்கள். கொம்பையா ஜெசிந்தா நடுவரான அதே வருஷம் நடுவரானவர், துறைமுகத்தில் குமாஸ்தா. இசக்கிராஜ் பத்து வயது இளையவன். ஆட்டத்துக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்து மைதானத்தைப் பங்கு போட்டுக்கொள்வது நடுவர்களின் பழைய வழக்கம். வளையத்துக்குக் கீழே நிற்பவருக்கு இது, பந்துக்குப் பின்னால் வருபவருக்கு இது, எதிர் ஓரத்தில் நிற்பவருக்கு இது என்று. ஜெசிந்தா பையிலிருந்து சாக்குக்கட்டி எடுத்து மரப்பெஞ்சில் கட்டம் போட்டாள்.

"வாங்க, பங்கு போட்டுக்கிடுவோம்."

கொம்பையா ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "என்னத்தப் பங்கு போட? பந்து ஒண்ணுதான இருக்கு. மூணு பேரும் அதையே பார்ப்போம், சோலி முடிஞ்சுது."

"அதுக்கு எதுக்கு மூணு பேரு? டிக்கெட் வாங்குன ரெண்டாயிரம் பேரும் அதைத்தான பார்க்காக. வேடிக்கை பார்க்கவா நம்ம கழுத்துல விசிலு கெடக்கு?"

"எக்கா, போன ஆட்டத்துல உங்க மார்க்கு எவ்வளவு?" என்றான் இசக்கிராஜ், ஒன்றும் தெரியாதவன்போல.

"அறுபத்தி ரெண்டு."

"எனக்கு எண்பத்தொம்பது. அண்ணாச்சிக்குத் தொண்ணூறு."

"அதான் அந்த ஆட்டத்துல ரெண்டு பயலுவளுக்கு மூக்கு உடைஞ்சுது. யாரு உடைச்சான்னு சொல்லு பார்ப்போம்."

இசக்கிராஜ் வாயை மூடிக்கொண்டான். கொம்பையா மூடவில்லை. "ஏம்மா, நீ சிலுவை சுமக்கணும்னா தாராளமா சும. எங்களையும் சேர்த்து வச்சு ஆணி அடிக்காத. எங்க புள்ளி பந்து மேல இருக்கு. உன் புள்ளி ஆளில்லாத மூலையில நிக்கி. பார்க்கவன் என்ன நினைப்பான்? இந்த மூணு பேருக்குள்ளயே ஒத்துமை இல்லன்னு நினைக்க மாட்டானா?"

"ஆளில்லாத மூலையா? பந்து கையில இருக்கது ஒருத்தன். மிச்சம் ஒம்பது பேரு என்ன காத்தா? அண்ணாச்சி, வைகை டீமு இன்பராஜ் எப்படி ஆடுவான்னு உங்களுக்கே தெரியும். பந்து ஒரு பக்கம் நிக்கும்போது அவன் மறுபக்கம் ஓடிக்கிட்டே இருப்பான். அவன் கூடவே ரெக்ஸும் ஓடுவான். அந்த எடத்தை யாரு பார்ப்பா?"

"ஆண்டவர் பார்ப்பார். நீதான் தெனமும் கோயிலுக்குப் போறியே" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா எழுந்தார். போகிற போக்கில் அவர் பையின் வார் உரசி, பெஞ்சில் போட்ட சாக்குக்கட்டிக் கோடு பாதி அழிந்துபோயிற்று.

ரெக்ஸ் உள்ளூர் முத்துநகர் அணியின் தடுப்பாட்டக்காரன். ஆறடி நாலங்குலம். நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் நல்லவர்களையும் கெடுக்கிற ஒன்று அந்தத் திரையில் இருந்தது. மூன்று புள்ளிகளும் எங்கே இருக்கின்றன என்று ஜனங்களுக்குத் தெரிவதுபோலவே ஆட்டக்காரர்களுக்கும் தெரியும். மூன்றும் பந்தைச் சுற்றி ஈயாக மொய்க்கும்போது மைதானத்தின் மறுபக்கம் யாருக்கும் சொந்தமில்லாத காடு. அங்கே முழங்கை பேசும், முட்டி பேசும். காமிராக்களும் பந்தின் பின்னாலேயே போவதால் சாட்சி இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றால் யாரும் அடிக்கவில்லை என்றுதான் கணக்கு.

போன வருஷம் திண்டுக்கல்லில் அரையிறுதி. வைகை அணியின் சாலமோன் என்ற பையன், இருபத்து மூன்று வயது, பந்து இல்லாத பக்கம் ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று தரையில் கிடந்தான். முகத்தைப் பொத்திய விரல் இடுக்கில் ரத்தம். மூன்று நடுவர்களும் அந்த நொடியில் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் சகஜமாக நடக்கும் மோதல் என்று எழுதி முடித்தார்கள். சாலமோனுக்கு இடது கண் போயிற்று. அன்றைக்கு அவனுக்கு மூன்றடி பக்கத்தில் நின்ற நடுவர் ஜெசிந்தா. அன்றைக்கு அவள் வாங்கிய மார்க்கு தொண்ணூற்று நான்கு. கண்புள்ளி வந்த பிறகு அவள் வாங்கியதில் அதுதான் உச்சம். நிர்வாகம் மரச்சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அதை அவள் பிரித்த காகிதத்திலேயே திரும்பச் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பச்சைப் புள்ளி பந்தை விட்டு விலக ஆரம்பித்தது.

கண்ணாடி வாங்க அவள் ஆடுகளத்தின் ஓரத்துக்குப் போனாள். தரையிலிருந்து நாலு படி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை; அதற்குள் கண்புள்ளியை இயக்கும் பிரேமா. சென்னைக் கம்பெனிக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லா ஊர் ஆட்டத்துக்கும் இயந்திரங்களோடு அவள்தான் வருவாள். யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதாக வரலாறு கிடையாது. ஒவ்வொரு கண்ணாடியையும் முதலில் தானே மாட்டிக்கொண்டு வளையத்தைப் பார்த்தாள். திரையில் சிவப்பு வளையத்துக்குத் தாவியது, பிறகு நீலம், பிறகு பச்சை.

"யார் போட்டாலும் வேலை செய்யுமா இது?" என்று ஜெசிந்தா பேச்சுக்குக் கேட்டாள்.

"அதுக்கு ஆள் தெரியாது. கண்ணு திரும்புறதுதான் தெரியும். கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போடும்போதுதான் கவனித்தாள். பிரேமா நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அறையில் நாற்காலி இல்லை. காலையிலிருந்து இது மூன்றாவது ஆட்டம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து நின்றாள். பாதங்கள் வீங்கியிருந்தன. ஜெசிந்தா திரும்பிப் போய் உடை மாற்றும் அறையிலிருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் கேக்கலையே, மேடம்."

"கேக்கலதான். வச்சுட்டுப் போறேன்."

"இதுக்கெல்லாம் மார்க் ஏறாது."

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா படியிறங்கினாள்.

ஆட்டம் தொடங்கியது. முத்துநகருக்கும் வைகைக்கும் இறுதிப் போட்டி. அரங்கம் முழுக்க உள்ளூர்க் கூட்டம். தகரத்தையும் பாத்திரத்தையும் தட்டுகிற சத்தத்தில் விசிலே கேட்காது. முதல் நாலு நிமிடம் ஜெசிந்தா தன் பங்குக்குள் பந்து வந்தபோது பந்தைப் பார்த்தாள். பந்து போனதும் ஆட்களைப் பார்த்தாள். இன்பராஜ் பேய் ஓட்டம் ஓடினான். குட்டையான பையன், பதினாலாம் நம்பர், தூரத்திலிருந்து போட்டால் பத்துக்கு ஆறு விழும். அவன் ஒவ்வொரு முறை ஆளைச் சுற்றி வளைந்து வரும்போதும் ரெக்ஸ் ஒரு நொடி திரையை நிமிர்ந்து பார்த்தான். பச்சை அங்கேயே இருந்தது. ரெக்ஸின் முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டது.

இதைப் பார்த்தது ஜெசிந்தா மட்டும். மற்ற எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள்.

"பச்ச எங்கலே மேயுது?"

"டீச்சர், அங்க என்ன, சின்ன வயசுல தொலைச்ச கம்மலத் தேடுதீயளா?"

முதல் கால் முடிவில் அறுபத்தாறு. இரண்டாம் காலில் முத்துநகர் ஆட்டக்காரன் ஒருவன் எம்பிப் பந்தைப் போடப்போனபோது அவன் கையில் பலமாக அடி விழுந்தது. அது கொம்பையாவின் பங்கு. சிவப்பு, நீலம் இரண்டும் பந்தோடு சேர்ந்து வளையத்துக்கு மேலே பறந்துவிட்டன. கையை யார் பார்ப்பது? விசில் வரவில்லை. கூட்டம் கொதித்தது. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "பச்சை நடுவர் அந்த நேரத்தில் எங்கே பார்த்தார் என்று பார்ப்போமா?" என்றார். திரையில் புள்ளிப் படம் திரும்ப ஓடியது. பதினோரு நொடி பச்சைப் புள்ளி எதிர் மூலையில் நின்றது. அந்த மூலையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததற்குத்தான் அங்கே கண் இருந்தது என்பதை எந்தத் திரையில் போட்டுக் காட்டுவது?

தண்ணீர்ப் பாக்கெட் ஒன்று பறந்து வந்து அவள் தோளில் வெடித்தது. இடைவேளையில் லீக் செயலாளர் தனசிங் நேரே வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, முகத்தில் சிரிப்பே கிடையாது.

"டீச்சர், அம்பத்தொம்பதுக்கு வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. சட்டம்."

"சார், நீங்க ஒரு நிமிஷம் ரெக்ஸை மட்டும் பாருங்க. பந்தைப் பார்க்காதீங்க. ஒரே ஒரு நிமிஷம்."

"எதுக்கு? அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல."

"அப்ப என்னத்தைப் பார்க்கச் சொல்லுதீங்க?"

தனசிங் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்றாம் காலில் மூன்று நிமிடம் இருக்கும்போது திரையில் பச்சைக்கு எதிரே அறுபது என்று வந்தது. அறுபது, அறுபது, பிறகு ஐம்பத்தொன்பது. கூட்டம் எண்ணத் தொடங்கியது. இசக்கிராஜ் அவளைக் கடந்து ஓடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "எக்கா, ரெண்டு நிமிசம் பந்தைப் பாருங்க. ஏறிரும். ரெண்டே நிமிசம்!" என்றான். பயம்தான் அவனைப் பேச வைத்தது. ஆனாலும் அந்தச் சாயங்காலத்தில் அவளுக்கு நல்லது நினைத்துச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது.

மனுஷிதானே. பதினாறு வருஷம். கழுத்தில் கிடந்த விசில் திடீரென்று கனத்தது. ஜெசிந்தா கண்ணைத் திருப்பினாள்.

பந்து அழகாக இருந்தது. உண்மையிலேயே அழகு. கைவிட்டுக் கை தாவி, தரையில் குதித்து, மேலே எழும்பி. கண்ணுக்கு அது எவ்வளவு சுகம் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். பச்சைப் புள்ளி சிவப்போடும் நீலத்தோடும் போய் ஒட்டிக்கொண்டது. கூட்டம் கேலியாகக் கைதட்டியது. "அப்படி வா வழிக்கு!" ஐம்பத்தொன்பது அறுபதானது.

இருபது நொடிகூட ஆகியிருக்காது. "ஹக்" என்று ஒரு சத்தம். காற்றுப் போன டயர் மாதிரி. திரும்பினாள். இன்பராஜ் முழங்காலிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். ரெக்ஸ் நாலடி தள்ளிக் கைகளைத் தூக்கியபடி, ஒன்றும் அறியாதவனாகப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வைகை அணியின் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "மேடம், பக்கத்துலதான நின்னீங்க! பார்த்தீங்களா இல்லையா?"

"பார்க்கல."

"மூணடியில நின்னுக்கிட்டுப் பார்க்கலையா?"

"நான் பந்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் சார். பார்க்காததுக்கு விசில் ஊத முடியாது. தப்பு என்மேலதான்."

இன்பராஜ் எழுந்தான். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவளுக்கு நேரே முகத்தை நீட்டி, "எல்லாரும் சொன்னாங்க, நீங்க மட்டுந்தான் எங்களையும் பார்ப்பீங்கன்னு. நீங்களும் அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு நொண்டியபடி ஓடினான்.

இந்த உலகத்தில் எத்தனையோ ஏச்சு உண்டு. வெறுக்கிறவன் ஏசினால் தோலோடு போகும்; நம்பினவன் கேட்டால் உள்ளே இறங்கிவிடும். ஜெசிந்தாவுக்கு இறங்கியது. மிச்சமிருந்த இரண்டரை நிமிடமும் அவள் கண் பதினாலாம் நம்பரை விட்டு நகரவில்லை. கூட்டம் எண்ணியது. அம்பத்தொம்பது. அம்பத்தெட்டு. மூன்றாம் கால் முடியும் மணி அடித்தபோது ஐம்பத்தேழு.

தனசிங் ஸ்கோர் மேசையிலிருந்து கையைக் காட்டினார். அறிவிப்பாளர் சட்டத்தைப் படித்தார். மாற்று நடுவர் இல்லாததால் கடைசிக் கால் ஆட்டம் இரண்டு நடுவர்களோடு நடக்கும் என்றார். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. கொம்பையா அவளைப் பார்க்காமல் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை ஒப்படைக்க அவள் நாலு படி ஏறினாள். பிரேமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"கழட்டிக் குடுங்க. இங்க கையெழுத்து."

"ஒரு உதவி. பதினாலாம் நம்பர் பையனைக் கொஞ்சம் பார்த்துக்கிடுங்க. அவன்கிட்ட ஏதாவது நடந்தா மேசைக்காவது சொல்லுங்க."

"நான் மெஷினைப் பார்க்கத்தான் வந்திருக்கேன், மேடம். ஆளுங்களைப் பார்க்க இல்ல."

"திண்டுக்கல்லுல ஒரு பையனுக்குக் கண்ணு போச்சு. அன்னைக்கு எனக்கு..."

"தொண்ணூத்தி நாலு" என்றாள் பிரேமா, திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். "தெரியும். அதைப் பதிஞ்சவளே நான்தான். கையெழுத்துப் போடுங்க. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். கண்ணாடி பஞ்சு வைத்த பெட்டிக்குள் போவதை அவள் பார்க்கவில்லை. அதற்குள் கீழே யாரோ கதவைத் திறந்து அவளைப் போகச் சொன்னார்கள்.

உடை மாற்றும் அறையில் ஜன்னல் கிடையாது. அரங்கத்தின் இரைச்சல் சுவர் வழியே அலை மாதிரி வந்து மோதியது. ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதி அழிந்த கட்டம் அங்கேயே இருந்தது. பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். உருட்டத் தோன்றவில்லை, கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள். "மாதாவே, என் லைசென்ஸைக் கேக்கல. அந்தப் பிள்ளை முழுசா வீட்டுக்குப் போகணும். பார்க்க ஆளில்ல. நீராவது பாரும்." அவ்வளவுதான் அவளுடைய ஜெபம். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அவள் காது ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. அடிபட்டவன் விழுந்தால் கூட்டம் திடீரென்று அடங்கும். அந்த அமைதிதான் திண்டுக்கல்லில் வந்தது. இரைச்சல் ஏறியது, இறங்கியது, பாத்திரங்கள் அதிர்ந்தன. அமைதி மட்டும் வரவில்லை. கடைசியில் சுவரே விழுந்துவிடும்போல ஒரு பெருஞ்சத்தம். நீண்ட மணி. அதன் பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

கொம்பையாவும் இசக்கிராஜும் வந்தார்கள். உடை மாற்றத் தொடங்கினார்கள். "யாருக்கும் அடிபட்டுச்சா?" என்று அவள் கேட்டாள்.

"எனக்குத்தான். ரெண்டு பேரா ஓடி முட்டி போச்சு" என்றார் கொம்பையா. "உன்னால." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இசக்கிராஜும் பின்னாலேயே போனான்.

கூட்டம் கலையட்டும் என்று அரைமணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் ரெக்ஸ் நின்றுகொண்டிருந்தான். தலையில் ஈரத் துண்டு, முகத்தில் கடுப்பு.

"டீச்சர், ஒரு விசயம் கேக்கணும்."

"கேளு."

"உங்களை வெளிய அனுப்பியாச்சுன்னு மைக்குல சொன்னாக. நீங்க வெளிய போறதை நானே கண்ணால பார்த்தேன். பெறகு எங்கன உக்காந்து பார்த்தீய?"

"என்னத்தை?"

"வெளையாடாதீங்க டீச்சர். கடைசிப் பத்து நிமிசமும் பச்சப் புள்ளி அந்தக் குட்டைப் பய மேலயே கெடந்துச்சு. நான் திரும்புன பக்கமெல்லாம் பச்ச. கைய கட்டிப் போட்ட மாதிரி ஆடுனேன். வேற எவனும் கவனிக்கல. ஆள்தான் போயாச்சேன்னு எல்லாவனும் பந்தைப் பார்த்துக்கிட்டு இருக்கான். எனக்கு மட்டுந்தாம் தெரியும், நீங்க போகலன்னு." துண்டை உதறித் தோளில் போட்டான். "தோத்துட்டோம். போதுமா?"

அவன் போய்விட்டான். ஜெசிந்தா வாசலுக்குப் போகாமல் திரும்பி நடந்தாள். பிரேமாவின் அறைக்கு நாலு படி ஏறினாள்.

பிரேமா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பும் நீலமும் பஞ்சுப் பெட்டியில் இருந்தன. பச்சைக்கான குழி காலியாக இருந்தது. அந்தக் கண்ணாடி பிரேமாவின் தலைமுடி மேல் தூக்கி விடப்பட்டிருந்தது. மூக்கின் இரு பக்கமும் சிவந்த தடம்.

"என்ன பார்க்கறீங்க?" என்றாள் பிரேமா சிடுசிடுவென்று. "உங்க கண்ணாடி ரொம்ப டைட்டு. தலை வலிக்குது."

"இதுக்காக உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"நாளைக்குக் கேப்பாங்க. பச்சைக்குக் கடைசிக் கால் மார்க் பதினொண்ணு. இந்த லீக்ல இவ்வளவு கம்மியா யாரும் வாங்கினதில்ல." வயரை முடிச்சுப் போட்டாள். "யார் பார்த்ததுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லுவேன். பொய்யா சொல்லப் போறேன்? நெஜமாவே பார்த்தேனே. கண்ணைக்கூடச் சிமிட்டல."

ஜெசிந்தா குனிந்து தரையில் கிடந்த வயரின் மறுமுனையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். பிரேமா அதைத் தடுக்கவில்லை.

"கடைசி நொடியில ஏதோ பெரிய பந்து விழுந்துச்சாமே?" என்றாள் பிரேமா. "எல்லாரும் கத்தினாங்க. யார் போட்டது?"

"நான் ரூமுக்குள்ள இருந்தேன். எனக்குத் தெரியாது."

"நான் இங்கதான் இருந்தேன். எனக்கும் தெரியாது. அந்தப் பதினாலு ரெண்டு வாட்டி ஷூ லேஸ் கட்டினான். டைம் அவுட்ல மூணு மடக்கு தண்ணி குடிச்சான். கை வேர்த்தா நெஞ்சுல துடைச்சுக்கறான், மத்தவங்க மாதிரி டிரவுசர்ல துடைக்கறதில்ல. கடைசிப் பந்தை அவன் போடல. அது மட்டும்தான் தெரியும்."

கீழே தாழ்வாரத்தில் வைகை அணியினர் கோப்பையோடு கூச்சலிட்டபடி போனார்கள். கடைசியாக இன்பராஜ் வந்தான். விலாவில் பனிக்கட்டிப் பை, மறு கையில் பாதி தின்ற வாழைப்பழம். படியின் மேலே நின்ற ஜெசிந்தாவைக் கண்டதும் நின்றான். மூன்றாம் காலில் விழுந்த அடியை அவன் மறக்கவில்லை; மன்னிக்கவும் இல்லை. வாயில் இருந்ததை மெல்லாமல் அவளை நிமிர்ந்து பார்த்து முறைத்தான்.

இரண்டு கண்ணாலும் முறைத்தான்.